எர்த் ஒயரை அறுக்க விடாதே, நைனா

நைனா, கடிதாசின்னா "நலம், நலமறிய" என்று ஆரம்பிக்கணும்னு எங்க டீச்சரம்மா சொல்லிக் குடுத்தாங்க. நான் நலமா இல்லை, அதனால் அப்படி ஆரம்பிக்க மாட்டேன். திங்கக்கிழமை காலையில் நீ அரக்கோணத்தில் ரயில் ஏறி பெங்களூருக்குப் போகப்போற. அந்தப் பாட்டுக் குழுவோட ஊர் ஊரா மேடை ஏறப்போற. நீ போறதில் எனக்குப் பயமில்லை. முப்பத்திரண்டு வயசு ஆம்பளை, ஒரு பொண்ணுக்கு அப்பன், போகத்தான் வேணும். கிடாரைத் தோளில் மாட்டிக்கினு, கையைக் கம்பியில் வச்சிக்கினு, வாயை மைக்குக்கிட்ட கொண்டுபோற அந்த ஒரு நொடி இருக்குதே, அதுதான் எனக்குப் பயம். அதைச் சொல்லத்தான் எழுதுறேன். நேரில் சொன்னா "மா, ஆரம்பிச்சிட்டியா" என்று எழுந்து போயிடுவே. காகிதத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது.

நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கோ. பிக்கப்பு, ப்ரீஆம்பு என்று நீங்க சொல்ற பேரெல்லாம் உன் பொண்டாட்டி கவிதாவைக் கேட்டுக் கேட்டு எழுதுறேன். எழுதி முடிச்சதும் இதை ஃபோனில் படம் பிடிச்சு உங்க குழுவோட வாட்ஸ்அப்பில் போடுன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். உனக்கு வெக்கமா இருக்கும். இருக்கட்டும். உன்கூட வாசிக்கிற பசங்களும் படிக்கட்டும், அவங்களைப் பெத்தவங்களும் படிக்கட்டும். கரண்டு உன்னை மட்டும் தேடி வர்றதில்லை.

உனக்கு நாலு வயசு இருக்கும்போது நான் தறிக் கொட்டகையில் வேலை செஞ்சேன், ஞாபகம் இருக்கா? பவர்லூம், லுங்கி நெய்யறது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு எர்த் குழி இருந்தது. கரியும் உப்பும் போட்டு மூடின குழி, நடுவில் ஒரு இரும்புக் குழாய் நிக்கும். தறியில் எங்கயாவது கரண்டு கசிஞ்சா அது ஆள் மேல பாயாம, ஒயர் வழியா அந்தக் குழாய்க்குப் போய் மண்ணுக்குள்ள இறங்கிடணும். மண் காஞ்சுபோனா இறங்காது. அதனால் தினம் மோட்டார் போடறதுக்கு முன்னால் குழியில் ஒரு குடம் தண்ணி ஊத்தணும். அது என் வேலை. ஜுரத்தோட வந்த நாள்கூட ஊத்தியிருக்கேன். ஊத்தாம யாரும் மோட்டார் போட மாட்டாங்க, அது எங்க கொட்டகை வழக்கம்.

அந்த வருஷம் மழை விடலை. சுவரெல்லாம் ஓதம் ஏறி, கரண்டு கசிஞ்சா தானா அணைச்சிடற ட்ரிப்பர் அடிக்கடி விழுந்தது. விழுந்தா அத்தனை தறியும் நின்னுடும். மொதலாளி ஒரு ஒயர்மேனைக் கூட்டிக்கினு வந்தார். அந்த ஆள் எந்தத் தறியில் கசியுதுன்னு தேடணும் இல்லையா? தேடலை. மோட்டாருக்குப் பக்கத்தில் எர்த் ஒயரை ஒரே வெட்டா வெட்டி விட்டுட்டான். அப்புறம் ட்ரிப்பர் விழவேயில்லை. மொதலாளி அவனை "கெட்டிக்காரன்"னு சொன்னார். நாலாம் நாள், என் பக்கத்துத் தறியில் இருந்த சரோஜா அக்கா அறுந்த இழையைப் பிடிக்கக் குனிஞ்சா. ஈரக் கை தறியோட இரும்பில் பட்டது. அவ கத்தலை, நைனா. அதுதான் இன்னிக்கும் என்னைத் தூங்க விடாத விஷயம். கத்துவாங்கன்னு நாம நெனைக்கிறோம். தறி அவளைப் பிடிச்சுக்கினு இருந்தது, வாய் மட்டும் திறந்து இருந்தது, தறி ஓடிக்கினே இருந்தது. கட்டையால் அடிச்சுத் தள்ளறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

அன்னிக்குக் காலையிலும் நான் குழியில் தண்ணி ஊத்தியிருந்தேன். ஒயரோட அந்த முனை எதிலாவது சேர்ந்திருக்கான்னு தலையைத் தூக்கிப் பார்க்கலை. வழக்கத்தைச் செஞ்சா போதும்னு இருந்துட்டேன். அந்த மொதலாளி இப்பவும் கடைத்தெருவில் எதிர்ப்பட்டா "நல்லா இருக்கியாமா?"ன்னு கேக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் பதில் சொன்னதில்லை. இனியும் சொல்ல மாட்டேன். ஆனா என்னைப் பத்தி நானே என்ன நெனைக்கிறேன்னு அவருக்குத் தெரியாது.

இதையெல்லாம் பார்த்தவ, உன் விஷயத்தில் என்ன செஞ்சேன்னு இப்ப சொல்றேன். இது உனக்கே தெரியாது.

உங்க அத்தை பொண்ணு கல்யாண ரிசப்ஷன், கே.ஜி.கண்டிகையில் மண்டபம். நீதான் கிடாரு வாசிச்சுப் பாடறதுன்னு ஏற்பாடு. உங்க அத்தைக்கு அது பிடிக்கலை. "தறிக்காரி மவன் தந்தி மீட்ட வர்றானாம்"னு யார்கிட்டயோ சொன்னது என் காதுக்கு வந்திருந்தது. அதனால் அன்னிக்கு ஒரு குத்தம் குறை இருக்கக் கூடாதுன்னு நான் பட்டுப்புடவை கட்டிக்கினு முதல் வரிசையில் உக்காந்தேன். மரக் கிடாரோட சத்தம் மண்டபத்தில் ரெண்டாவது வரிசைக்குக்கூட எட்டாது, அதுக்குத்தான் பிக்கப்புன்னு நீ எனக்குச் சொல்லியிருந்தே. அப்ப உன்கிட்ட இருந்தது கிடாரோட ஓட்டையில் மாட்டற காந்தப் பிக்கப்பு. அதில் "ங்ங்ங்"னு இரைச்சல் வருதுன்னு, ஒரு மெக்கானிக் உள்ளே மெல்லிசா ஒரு ஒயரைக் கம்பியோட முடிச்சு விட்டிருந்தான். நீ கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையும், கையை எடுத்தா திரும்ப வரும். "பார்த்தியாமா, எப்படி?"ன்னு நீ வீட்டில் தொட்டுத் தொட்டுக் காட்டினே. நடுவில் நிக்கிறது உன் உடம்பு இல்லையா?

மண்டபத்தில் நீ கம்பியைத் தொட்டும் இரைச்சல் போகலை. உன் பக்கத்தில் இருந்த சின்ன ஸ்பீக்கர் பொட்டி ஒரு பிளக்கில், சவுண்டு சர்வீஸ்காரனோட மிக்ஸர் வேற ஒரு பிளக்கில். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் "ங்ங்ங்". உங்க அத்தை பின் வரிசையில் இருந்து குனிஞ்சு, நாலு பேருக்குக் கேக்கற மாதிரி, உன் பேரைச் சொல்லி, "இன்னா அண்ணி, தணிகா கிடாருல வண்டு பூந்துகிச்சா?" என்றா. பக்கத்தில் இருந்தவங்க சிரிச்சாங்க.

நான் எழுந்து நேரா சவுண்டு சர்வீஸ்காரன்கிட்ட போனேன். "யப்பா, அந்த சத்தத்தை நிறுத்தறியா, இல்ல நான் வந்து நிறுத்தட்டுமா?"

"அது எர்த் லூப்புமா. ரெண்டு எர்த்து மோதிக்கினு கீது. ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷம் எல்லாம் இல்லை. இப்பவே நிறுத்து."

"ஆங், ஆங், நிறுத்திடலாம்மா."

அவன் போய் உன் ஸ்பீக்கர் பொட்டியோட மூணு பின் பிளக்கைப் பிடுங்கினான். எர்த் பின் இல்லாத ரெண்டு பின் பிளக்கில் அதைச் செருகி, மறுபடி சுவரில் மாட்டினான். என் கண்ணுக்கு எதிரில். கரியும் உப்பும் போட்ட குழிக்கு வருஷக்கணக்கில் தண்ணி ஊத்தினவ நான், என் கண்ணுக்கு எதிரில் எர்த்தை எடுத்தான், நான் பார்த்துக்கினு நின்னேன். இரைச்சல் நின்னுபோச்சு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? திரும்பி உங்க அத்தையைப் பார்த்தேன். "இப்ப எங்கடி வண்டு?"ன்னு பார்த்தேன்.

நீ அடுத்த பாட்டு ஆரம்பிச்சே. வாயை மைக்குக்கிட்ட கொண்டு போனே. தலை வெடுக்குனு பின்னால் போனது. அது ஸ்டைலுன்னு நெனைச்சு பசங்க கை தட்டினாங்க. நானும் தட்டினேன். அப்புறம் பாட்டு முடியற வரைக்கும் நீ ஒரு சாண் தள்ளி நின்னே பாடினே. மறுநாள் உன் உதட்டில் கருப்பா ஒரு புள்ளி. கேட்டதுக்கு "டீ சுட்டுடுச்சுமா"ன்னு சொன்னே. ரெண்டு மாசம் கழிச்சு கவிதா வாய் தவறி உண்மையைச் சொன்னா, மைக்கில் உனக்கு ஷாக் அடிச்சதுன்னு. அன்னிக்கு நான் சோறு ஆக்கலை, உடம்பு சரியில்லைன்னு படுத்துட்டேன். உடம்பு நல்லாத்தான் இருந்தது. நீ அந்த சவுண்டு சர்வீஸ்காரனைத் திட்டிக்கினு இருக்கே. அவனைச் செய்யச் சொன்னவ நான். இத்தனை நாள் இதைச் சொல்ல எனக்கு வாய் வரலை.

இதுக்கு அப்புறம்தான் உன்கூட கடைக்கு வரேன்னு அடம் பிடிச்சேன். "கிடாரு கடையில உனக்கு இன்னாமா வேலை?"ன்னு கேட்டே. நான் செருப்பைப் போட்டேன். மெட்ராஸில் அந்தக் கடையில் இருந்த பையன் நல்லவன், கிழவிக்கு ஸ்டூல் போட்டான். நீ ஒவ்வொண்ணா மாட்டி வாசிச்சே, நான் கண்ணை மூடிக்கினு கேட்டேன். எந்தத் தறியில் எந்த போல்ட் தளர்ந்திருக்குன்னு சத்தத்திலேயே சொன்னவ நான், எனக்குக் காது உண்டு. காந்தப் பிக்கப்பில் கம்பி மட்டும்தான் கேட்டது, மரம் கேக்கலை. கம்பியைத் தாங்கற சின்ன எலும்புத் துண்டுக்கு அடியில் பட்டையா வைக்கிறது ஒண்ணு, அதில் நீ வேகமா அடிக்கிறப்ப தகரக் கூரையில் கல்லு விழற மாதிரி இருந்தது. உள்ளே பலகையில் ஒட்டற பொத்தான் மாதிரி ஒண்ணு, அதைப் போட்டதும்தான் நீ வீட்டில் பாப்பாவைத் தூங்க வைக்க வாசிப்பியே, அந்தக் கிடாரு கேட்டது. ஆனா அது ஊளையிடும்னு அந்தப் பையன் சொன்னான். சொல்லிக்கினு இருக்கும்போதே ஊளையிட்டது. அவன் சத்தத்தைச் சரிபண்ற ப்ரீஆம்பு பொட்டியில் ஒரு குமிழைத் திருகினான், ஊளை மட்டும் அடங்கினது, பாட்டு அப்படியே இருந்தது.

"நாய்க்கு வாயைக் கட்டின மாதிரி கீதே"ன்னு சொன்னேன். அந்தப் பையன் சிரிச்சான். சிரிக்கட்டும்னு விட்டுட்டு, நான் வந்த விஷயத்தைக் கேட்டேன்.

"இதுல எது மாட்டினா என் புள்ளைக்கு ஷாக் அடிக்காது?"

"மா, வெளிய போலாம் வா"ன்னு நீ என் கையைப் பிடிச்சே.

"இருங்க தம்பி, அவங்க கரெக்டாத்தான் கேக்குறாங்க" என்றான் அவன். "பிக்கப்பால ஷாக் வராதுமா. இந்தப் பொட்டி சின்ன பேட்டரியில ஓடும். பிளக்குல எர்த்து இல்லன்னாதான் வம்பு. இரைச்சல் வந்தா இதோ இந்த ஸ்விட்சைத் தள்ளணும். பாட்டு போற ஒயர்ல எர்த்தை அறுக்கலாம், கரண்டு வர்ற ஒயர்ல அறுக்கக் கூடாது. அவ்ளோதான்."

நான் அதைக் காதில் வாங்கிக்கினேன், மனசில் வாங்கிக்கலை. நான் என்ன செஞ்சேன்? எலும்புக்கு அடியில் வைக்கிற பட்டையையே வாங்குன்னு பிடிவாதம் பிடிச்சேன். அதில் கம்பியோட முடிச்ச ஒயர் இல்லை, ஊளையும் கம்மி, ஊளை இல்லைன்னா எவனும் ஒயரை நோண்ட வர மாட்டான்னு என் கணக்கு. நீ ஒட்டறதுதான் வேணும்னே. கடையில் ஒண்ணும் வாங்காம ரெண்டு பேரும் வெளியே வந்தோம். ரயிலில் நான் சொன்னதை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. "அந்த மரப்பொட்டிக்காக சாவறியாடா"ன்னு பொட்டி முழுக்கக் கேக்கற மாதிரி கத்தினேன். மணவூர் வந்தப்ப ஜன்னலைப் பார்த்துக்கினே சொன்னே: "மா, நான் வாசிக்கறது எனக்கே கேக்கலைன்னா நான் எதுக்கு மேடைக்குப் போவணும்?" கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். நீ மெதுவா சொன்னே.

அன்னியில் இருந்து நாலு நாளா யோசிச்சேன். குழாயைத் திறக்கறப்ப யோசிச்சேன், ஃபிரிட்ஜைத் தொடறப்ப யோசிச்சேன். சரோஜா அக்காவைக் கொன்னது தறி இல்லை, நைனா. அந்தத் தறியில் அவ பதினோரு வருஷம் நெய்தா. கொன்னது வெட்டி விட்ட ஒயர். நான் இத்தனை நாளா உன் கிடாரைப் பார்த்துப் பயந்துக்கினு இருந்தேன், பார்க்க வேண்டிய இடம் சுவரில் இருக்கிற பிளக். அந்தக் காலத்தில் குழியைப் பார்த்தேன், ஒயரைப் பார்க்கலை. இப்பவும் அதே தப்பு.

அதனால் நீ ஒட்டற பிக்கப்பையே வாங்கிக்கோ. நாளைக்கே கவிதாவோட போய் வாங்கு. மரம் கேக்கட்டும். அந்த மெக்கானிக் முடிச்ச ஒயரை நீயே அவிழ்த்துப் போட்டுடு, இந்தப் பிக்கப்புக்கு அது வேண்டாம்னு நீயே சொன்னே. ப்ரீஆம்பு பொட்டியைப் பேட்டரியிலேயே ஓட்டு. பாதிப் பாட்டில் தீர்ந்துபோகும்னு சொல்லாதே, கச்சேரிக்கு ஒரு புது பேட்டரி போடு, பையில் இன்னொண்ணு வை. அந்தப் பொட்டியில் இருந்து நேரா மிக்ஸருக்குப் போகட்டும், மேடையில் தனியா ஸ்பீக்கர் பொட்டி வேண்டாம், ரெண்டு பிளக் இருந்தாத்தானே மோதிக்கும். ஓட்டையை மூடற ரப்பர் மூடி ஒண்ணு அந்தப் பையன் காட்டினானே, அதையும் வாங்கு, ஊளை வந்தா மேடைக்காரங்க பதறுவாங்க. பதறினாங்கன்னா கை எங்க போகும்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு என் வாயே அங்கதானே போச்சு. மைக்குக்கு ஒரு பஞ்சு தொப்பி வாங்கு, உதடு இரும்பில் படக் கூடாது. பஞ்சு இருக்குதேன்னு மத்ததை விட்டுடாதே, எச்சில் பட்டு நனைஞ்சா பஞ்சும் ஈரத் துணிதான்.

தறியில் வேலை செஞ்சப்ப நான் வச்சிருந்த டெஸ்டரை உன் பையில் போட்டிருக்கேன், எடுத்து வெளியே வைக்காதே. மேடையில் ஏறினதும் கம்பியைத் தொடறதுக்கு முன்னால் அதை மைக்கில் வச்சுப் பாரு, மேடையோட இரும்புக் கம்பத்தில் வச்சுப் பாரு, உன் கிடாரு ஒயரோட முனையில் வச்சுப் பாரு. அதில் விளக்கு எரிஞ்சா அன்னிக்குக் கச்சேரி இல்லை. எரியலைன்னாலும் நம்பிக்கை வைக்காதே, போய் பிளக்கைக் கண்ணால் பாரு, மூணு பின்னும் இருக்குதான்னு. "மத்தவங்க சிரிப்பாங்கமா"ன்னு நீ சொல்லப்போற, எனக்குத் தெரியும். நாலு பேர் சிரிச்சதுக்குப் பயந்துதான் நான் உன்னைக் கொல்லப் பார்த்தேன். சிரிப்புக்குப் பயப்படாதே. பெங்களூரில் எப்பப் பார்த்தாலும் மழையாம், புல்வெளியில் மேடை போடுவாங்களாம், ஜெனரேட்டராம். கவிதா சாதாரணமா சொல்லிக்கினு போறா. ஈரத் தரையில் செருப்பு இல்லாம நிக்காதே. மேடைக்கு மரியாதைன்னு நீ செருப்பைக் கழட்டுவே, அந்தப் பழக்கம் நான் பழக்கினதுதான். அந்த ஒரு இடத்தில் அதை விட்டுடு. மலை மேல இருக்கிற சாமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார், நான் அவர்கிட்ட சொல்லிக்கிறேன்.

இரைச்சல் வரும், நைனா. எவ்வளவு பார்த்தாலும் ஏதோ ஒரு ஊரில் வரும். அப்ப சவுண்டு சர்வீஸ்காரன் ஓடி வருவான், "ஒரு நிமிஷம் தம்பி"ன்னு பிளக்குக்கிட்ட குனிவான். முன் வரிசையில் என்னை மாதிரி ஒருத்தி உக்காந்துக்கினு நிறுத்துடான்னு கத்துவா. குழுவில் இருக்கிறவங்க முறைப்பாங்க. பொட்டியில் இருக்கிற ஸ்விட்சைத் தள்ளிப் பாரு. அதிலும் போகலைன்னா இரைச்சலோடவே வாசி. அவன் அதுக்கும் ஒத்துக்காம எர்த்தை எடுத்தே ஆவேன்னு நின்னா, நீ சண்டை போடாதே, உனக்கு அது வராது, உங்க அப்பன் மாதிரி. ஃபோனை எடுத்து எனக்குப் போட்டு அந்த ஆள் காதில் வை. எங்கம்மா பேசணும்கறாங்கன்னு சொல்லு. அவன் பேரு, அவன் ஊரு, அவனைப் பெத்தவ பேரு எல்லாம் நான் கேட்டு வாங்கிக்கிறேன், அதுக்கு மேல அவன் என்ன செய்யறான்னு பார்க்கிறேன். நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ எதையும் தொட வேண்டாம். கம்பியில் இருந்து கையை எடுத்துட்டு, சும்மா நில்லு.